மோட்டார் நின்ற முக்கால் மணி நேரம்

நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று எங்கள் வீட்டில் யாரும் இரண்டாவது முறை கேட்டதில்லை. முதல் முறை கேட்டபோது நான் விடாமல் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டேன். அப்பா பாதியிலேயே எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். அம்மா மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்து, "சரி, இப்போதாவது சாப்பிடுகிறாயா?" என்று எங்கள் சௌராஷ்டிர மொழியில் கேட்டாள்.

பழங்காநத்தத்தில் எங்கள் வீடு. பின்கட்டில் அப்பாவின் சாயப்பட்டறை. நூலுக்குச் சாயம் ஏற்றுவது தொழில். அன்றைக்கும் நன்றாக ஓடியது, இன்றைக்கும் தம்பி கையில் நன்றாகவே ஓடுகிறது. அந்த வீட்டில் வளர்ந்ததால் எனக்கு நிறம் விஷயத்தில் பெரிய கர்வம். மற்றவர்கள் சிவப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளும் இடத்தில் எனக்குப் பதினொரு சிவப்பு தெரியும். கல்யாண வீட்டில் புடவையைப் பார்த்தே, முந்தியும் உடலும் வேறு வேறு தொட்டியில் நனைந்தவை என்று சொல்லிக் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன். இந்தக் கர்வம்தான் பின்னால் என் காலை வாரிவிட்டது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. கோச்சடையைத் தாண்டி மேற்கே, வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தேன். தினமும் இரண்டு பஸ். என் வேலை தங்கத்தில். நகைத் தங்கம் இல்லை. ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கக்கூடிய தங்கப் பொடி, தண்ணீரில் மிதப்பது. அவ்வளவு சிறிதாகிவிட்டால் தங்கம் மஞ்சளாக இருக்காது. சிவப்பாக இருக்கும்.

முதல் முறை அதைச் செய்த நாளை என்னால் மறக்க முடியாது. தங்க உப்புக் கரைசலைக் கொதிக்கவிட்டு, அதில் சிட்ரேட் கரைசலை ஊற்ற வேண்டும். ஊற்றினேன். வெளிர் மஞ்சளாக இருந்தது நிறமே இல்லாமல் போனது. போச்சு, கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு லேசாகச் சாம்பல், பிறகு மசிக் கறுப்பு, கத்தரிப்பூ, அப்புறம் நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது நல்ல மாதுளைச் சிவப்பு. நான் கத்திய கத்தலில் அடுத்த அறையில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார். தீ எங்கே என்று கேட்டார். தீ இல்லை சார், தங்கம் என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அந்தப் பொடி மீது ஒரு மிகச் சிறிய ஒளித்துடிப்பை அடித்தால் என்ன ஆகும் என்பதுதான் எங்கள் கேள்வி. ஒளி பட்டதும் தங்கத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் சூடாகும். அந்தச் சூடு துகள் முழுக்கப் பரவும். துகள் சட்டென்று பெருத்து, பெருத்த வேகத்தில் அளவு தாண்டி, மறுபடி சுருங்கி, மறுபடி பெருக்கும். தட்டிய வெண்கலக் குடம் அதிர்வதைப் போலத்தான். ஆனால் ஒரு அதிர்வு முடியப் பத்துப் பதினைந்து பிகோ விநாடிதான் ஆகும். ஒரு விநாடியை லட்சம் கோடிப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு, ஒரு பிகோ விநாடி.

இதைப் பார்க்க எந்தக் கேமராவும் உதவாது. இரண்டு ஒளித்துடிப்பு வேண்டும். முதலாவது அடிக்க, இரண்டாவது பார்க்க. பார்க்கிற துடிப்பு கொஞ்சம் தாமதமாக வர வேண்டும். தாமதப்படுத்துவதற்கு அது போகும் வழியைக் கொஞ்சம் நீளமாக்கினால் போதும். அந்த வழியில் இருக்கும் கண்ணாடியைச் சோற்றுப் பருக்கையின் தடிமனுக்கும் குறைவாகப் பின்னுக்குத் தள்ளினால் ஒரு பிகோ விநாடி தாமதம் வந்துவிடும். ஒளியே கடிகாரம், ஒரு திருகாணிதான் அதற்கு முள். இதை முதலில் புரிந்துகொண்ட அன்று நான் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

இதற்கான லேசர் எங்களிடம் இல்லை. எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர், நாங்கள் சார் என்று மட்டுமே கூப்பிட்டவர், இரண்டு வருஷம் கடிதம் எழுதி எழுதி, வடக்கே ஒரு ஆய்வகத்திலிருந்து நாற்பது நாளுக்கு இரவல் வாங்கிவிட்டார். கல்யாணப் பெண்ணை அழைத்து வருவது போல அதை லாரியிலிருந்து இறக்கினோம். நாற்பதாவது நாள், வெள்ளிக்கிழமை, அதே லாரி வரும். அதற்குள் தங்கம் அதிர்வதைப் பார்த்துவிட வேண்டும். என் முனைவர் பட்டத்தின் பாதி அதில் இருந்தது.

அதை மேசையில் பொருத்தி, கண்ணாடிகளை நேர் செய்து ஓடவைத்தது என் சீனியர். நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்து, அவருடைய அப்பா காலத்தில்தான் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வந்தது. அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கைவிரல் அவ்வளவு நிதானம். கண்ணாடித் திருகை அவர் திருப்பும்போது மூச்சை அடக்கிக்கொள்வார், நாங்களும் அடக்கிக்கொள்வோம். பசுமலையில் ஒரு கல்லூரி வேலைக்கு அவர் மனுப் போட்டிருந்தார். சாருடைய பரிந்துரைக் கடிதம் ஒன்றுதான் பாக்கி.

ஒரு நாள் அண்ணன் லேசரின் சிவப்புத் துடிப்பை ஒரு சின்னக் கல்லில் குவித்தார். கல்லுக்கு அந்தப் பக்கம் அது, பார்க்கிற துடிப்பாக எங்களுக்கு வேண்டியிருந்த வெள்ளை ஒளியாக வெடித்து, வைத்திருந்த தாளில் வானவில் வளையமாக விழுந்தது. நான் மறுபடியும் கத்தினேன். இந்த முறை ஓடி வர அடுத்த அறையில் யாரும் இல்லை.

லேசர் ஓடியது. வெள்ளை ஒளி வந்தது. திரையில் புள்ளி புள்ளியாக வளைகோடு வந்தது. முதலில் பெரிய பள்ளம், எலக்ட்ரான் சூடானது. பிறகு மெல்ல மேலேறும் சரிவு. அந்தச் சரிவின் மேல்தான் அலை இருக்க வேண்டும். அலை இல்லை. ஒரே ஒரு சின்ன வீக்கம், அதற்குப் பிறகு அளவுகோல் வைத்து இழுத்தது போல நேர்கோடு.

மறுநாளும் அதேதான். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. அண்ணன் எல்லாக் கண்ணாடியையும் கழற்றி மறுபடி பூட்டினார். காலை ஏழு மணிக்கு வந்து மேசைக்கு மேல் குனிந்தால் நிமிர்வதே இல்லை. மூன்றாவது வாரம் சாருக்குப் பொறுமை தீர்ந்தது.

"கண்ணாடி அலைன்மென்ட்டுதான் சரியில்ல. வேற என்ன இருக்கு? சாம்பிள் நிறம் பாரு, அவ்வளவு ஒழுங்கா இருக்கு" என்றார்.

நிறம் ஒழுங்காக இருந்தது என்று கேட்டதும் எனக்குப் பெருமை. அண்ணன் மறுபடி முதல் கண்ணாடியிலிருந்து ஆரம்பித்தார். எனக்கு அன்றைக்கு உறைக்கவே இல்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

லாரி வர நாலு நாள் இருந்தபோது, திங்கட்கிழமை, தபாலில் ஒரு உறை வந்தது. எங்கள் தங்கத்தை மின்னணு நுண்ணோக்கியில் படம் பிடித்துத் தரச் சொல்லி எப்போதோ வெளியூருக்கு அனுப்பியிருந்தோம். அந்தப் படம். சார் பிரித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு மேசையில் வைத்தார். கொண்டைக்கடலையையும் கடுகையும் ஒரே தட்டில் கொட்டியது போல இருந்தது. பெரிதும் சிறிதும் கலந்து, நடுவில் சுமாரானதும்.

"எப்படி இது? ஒரே தடவையில காய்ச்சினது இப்படி வராதே" என்றார் சார்.

 அது ஒரே தடவையில் காய்ச்சியது இல்லை.

பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு தொட்டிச் சாயமும் அடுத்த தொட்டிச் சாயமும் எவ்வளவு கவனமாகப் போட்டாலும் ஒரு மயிரிழை வித்தியாசம் வரும். அப்படியே விட்டால் புடவையில் பட்டை பட்டையாகத் தெரியும். அதனால் புதுத் தொட்டியில் பழைய தொட்டியின் மிச்சத்தை ஊற்றி, ஊற்றி, பழைய நிறத்துக்குக் கொண்டு வந்துவிடுவார்கள். அப்பா செய்வார். அப்பாவின் அப்பா செய்தார். கலக்காதவன் சாயக்காரனே இல்லை. நானும் மூன்று தடவை தங்கம் காய்ச்சினேன். மூன்றும் மூன்று சிவப்பு. சாருக்கோ அண்ணனுக்கோ அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. மூன்றையும் ஒரே குடுவையில் ஊற்றி, கொஞ்சம் இது, கொஞ்சம் அது என்று சேர்த்து, முதல் நாள் பார்த்த மாதுளை நிறத்துக்கு அச்சாகக் கொண்டு வந்துவிட்டேன். அன்று அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டது கூட நினைவிருக்கிறது.

நிறம் கலந்தால் நிறம்தான் வரும். அதிர்வு கலந்தால் ஒன்றும் வராது. பெரிய துகள் மெதுவாக அதிரும், சிறியது வேகமாக அதிரும். எல்லாம் ஒன்றாகத்தான் தொடங்கும், ஒரு அலை முடிவதற்குள் ஆளுக்கொரு தாளத்துக்குப் போய்விடும். பள்ளிக்கூடத்தில் முதல் கைதட்டல் மட்டும் எல்லோருக்கும் சேர்ந்து விழுந்து, பிறகு வெறும் இரைச்சலாகிவிடுமே, அதுபோல. அண்ணனின் கண்ணாடிகள் முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கின்றன.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், நினைத்தேன். புதிதாகக் காய்ச்சி, சத்தமில்லாமல் குடுவையை மாற்றி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் சார் அந்த நேரம் பார்த்து அண்ணன் பக்கம் திரும்பி, "சாம்பிளும் தப்பு, உன் அலைன்மென்ட்டும் தப்பு. உனக்கு நான் எதை நம்பி லெட்டர் எழுதறது?" என்றார். அண்ணன் குனிந்து தன் விரல்களைப் பார்த்தார். அந்த விரல்களை அவர் பார்த்ததை என்னால் தாங்க முடியவில்லை.

"சார், அலைன்மென்ட் சரியாத்தான் இருக்கு. நான்தான் கலந்தேன்" என்றேன்.

"எதை?"

"மூணு லாட்டையும். ஷேடு ஒத்து வரலைன்னு."

 அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டார், பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு வாரமாக் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு கழண்டு போச்சு தாயி! நீ பாட்டுக்குப் புடவைக்குச் சாயம் போட்டு வச்சிருக்க!"

சார் சிரிக்கவில்லை. "தனித்தனியா மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார். ஒரு சொட்டுகூட வீணாக்கல."

இதைச் சொல்லும்போதும் எனக்குள் ஒரு சாயக்காரி பெருமைப்பட்டுக்கொண்டாள். அதைக் கேட்டபிறகு சாரும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்துவிட்டு அலமாரியைத் திறந்து பார்த்தார். தங்க உப்பு ஒரு தடவை காய்ச்சுவதற்குத்தான் இருந்தது. புதிதாக வாங்க ஒரு மாதம் ஆகும்.

செவ்வாய்க்கிழமை முழுக்கக் குடுவைகளைக் கழுவினேன். புதன்கிழமை காலை காய்ச்சினேன். பெரிய துகளாக வேண்டும் என்று சிட்ரேட்டைக் குறைத்து ஊற்றினேன். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே நடந்தது. கடைசியில் வந்த நிறம் இருக்கிறதே, ஐயோ, நனைந்த செங்கல் மாதிரி ஒரு மங்கல் சிவப்பு. எங்கள் பட்டறையில் அப்படி ஒரு தொட்டி வந்திருந்தால் அப்பா அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டார். என் கை பழைய குடுவைப் பக்கம் தானாகப் போனது. ஒரே ஒரு கரண்டி ஊற்றினால் உயிர் வந்துவிடும்.

"கையக் கட்டு" என்றார் அண்ணன். பின்னாலேயே நின்றிருக்கிறார்.

"பாத்தேன், அவ்வளவுதான்."

"பாக்கவும் வேணாம்." பழைய குடுவையை எடுத்துக்கொண்டு போய் சாரின் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை. லாரி வர ஒரு நாள். அதுவரை மழைக்காலம். வாரக்கணக்கில் நசநசவென்று பெய்துகொண்டே இருந்தது. அந்த வாரம்தான் நின்று, சுள்ளென்று வெயில் அடித்தது. எட்டரைக்கு லேசர் அம்சமாக ஓடியது. வெள்ளை ஒளி அசையாமல் நின்றது. செங்கல் நிறத் தங்கத்தை வைத்தோம். அண்ணன் திருகாணியை ஆரம்ப இடத்துக்குக் கொண்டுவந்தார். சரியாக ஒன்பது மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டார் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. லேசரைக் குளிர வைக்கும் தண்ணீர் இயந்திரம் முனகியது. லேசர் படுத்துவிட்டது.

அந்த லேசருக்கு இடமில்லாததால் வளாகத்தின் கடைசியில், வேலி ஓரத்தில் ஒரு பழைய கட்டடத்தைக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கும் வெளியே இருந்த கிணற்றுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். மழையில் யாருக்கு மோட்டார் வேண்டும்? அதனால் இது எங்களுக்குத் தெரியவே இல்லை. அந்தப் பக்கம் மும்முனை மின்சாரம் பன்னிரண்டு மணி வரைதான் வரும். எங்கள் தண்ணீர் இயந்திரத்துக்கும் அதே மும்முனைதான் வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் அவருக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை.

"வா, போய்க் கேப்போம். பொம்பளப் பிள்ள வந்து கேட்டா மனசு இளகுவாக" என்றார் அண்ணன். வேலிக்குள் நுழைந்து, சுடிதாரில் முள் கிழிக்க, ஓடினோம்.

கிணற்றுக்காரர் ஐம்பது வயசிருக்கும். தலையில் துண்டு, கையில் மண்வெட்டி. வாய்க்காலில் தண்ணீர் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது. பாத்தி முழுக்க விரல் நீளத்தில் கத்தரி நாற்று.

"அய்யா, ஒரு முக்கா மணி நேரம் மோட்டார நிப்பாட்டணும்" என்றார் அண்ணன்.

"எதுக்கு?"

"உள்ள ஒரு அளவு எடுக்குறோம்."

"என்னத்த அளக்குறீக?"

"தங்கத்தை" என்றேன் நான், முந்திக்கொண்டு.

அவர் மண்வெட்டியை ஊன்றினார். "தங்கமா? எம்புட்டு?"

"கண்ணுக்குத் தெரியாதுங்க. அம்புட்டுச் சின்னது."

"கண்ணுக்குத் தெரியாத தங்கத்த எதுக்கும்மா அளக்கணும்?"

"அது அதிருதான்னு பாக்கணும்."

"எம்புட்டு நேரம் அதிரும்?"

நான் ஆராய்ச்சி மாணவி. சரியாகச் சொல்ல வேண்டாமா? "ஒரு செகண்ட லட்சங்கோடிப் பங்கு போட்டா, அதுல ஒரு அம்பது அறுபது பங்கு" என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், அண்ணனை ஒரு தடவை பார்த்தார். மோட்டார் அறைக்குள் போனார். மோட்டார் நின்றது. அடுத்த நொடியே மறுபடி ஓடியது. வெளியே வந்தார்.

"நிப்பாட்டிட்டேன். நீ சொன்ன நேரத்துக்கு மேலயே நிப்பாட்டியிருக்கேன். பாத்துக்கிட்டீகளா?"

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த மனுஷன் சொன்னதில் என்ன தப்பு? நான் என் மூன்று வருஷப் படிப்பையும் திரட்டிச் சொன்னேன். ஒளியால் ஒரு தடவை அடித்தால் ஒரு தடவைதான் பார்க்க முடியும், அதுவும் ஒரே ஒரு கணத்தை. அடுத்த கணத்தைப் பார்க்க இன்னொரு அடி. ஒவ்வொரு கணத்தையும் ஆயிரம் ஆயிரம் தடவை அடித்துப் பார்த்து, சராசரி எடுத்தால்தான் ஒரு புள்ளி. அறுபது புள்ளி வைத்தால்தான் ஒரு கோடு. நாளைக்கு லாரி வந்துவிடும் என்றும் சொன்னேன். 

அவர் நாற்றைக் காட்டினார். "நட்டு இன்னிக்கு மூணாம் நாளு பாப்பா. உயிர்த்தண்ணி விடணும், இல்லாட்டி வேர் பிடிக்காது. என் தம்பியும் நானும் ஒரே கெணறு. இன்னிக்குத்தான் என் முறை, நாளைக்கு அவன் முறை. பன்னெண்டு மணிக்குக் கரண்டு போயிரும். இந்த வெயிலுக்கு நாளன்னிக்கி வரைக்கும் இது தாங்காது."

எனக்குச் சாயம் தெரியும், கிணற்று முறை தெரியாது. அண்ணனுக்குத் தெரியும். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பாத்தியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கண்ணாலேயே அளந்தார்.

"முக்கா மணி நேரம் போனாலும் முக்காவாசி பாஞ்சிருங்கய்யா. மிச்சம் பாயாத வரிசைக்கு நாங்க குடத்துல மொண்டு ஊத்துறோம். ஒரு நாத்து விடாம" என்றார்.

"யாரு, இந்தப் பிள்ளையா?"

"நானும் ஊத்துவேன்" என்றேன்.

"உங்க வாத்தியாரு?"

"அவரும்தான்" என்றார் அண்ணன், சாரைக் கேட்காமலேயே.

கிணற்றுக்காரர் மண்வெட்டியை வரப்பில் வைத்தார். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். "நானும் வாரேன். நான் இங்க நிப்பாட்டிட்டு நிக்க, நீங்க அங்கிட்டு டீ குடிச்சுக்கிட்டு இருந்தா?"

அப்படித்தான் எங்கள் இருட்டறையில் ஒரு முக்காலியில் அவர் உட்கார்ந்தார். கண்ணுக்கு லேசர் கண்ணாடி போட்டுவிட்டோம். அதைப் போட்டதும் சினிமா வில்லன் மாதிரி இருந்தார். அவரிடம் அதைச் சொல்லியும் விட்டேன். சாருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் எழுந்து நின்று அவருக்கு வணக்கம் சொன்னார்.

பத்து நிமிஷம் வீண். தண்ணீர் இயந்திரம் ஒரு நிலைக்கு வந்து லேசர் நிமிர அவ்வளவு நேரம் பிடித்தது. பிறகு அண்ணன் திருகாணியை நகர்த்தினார். முதல் புள்ளி. இரண்டாவது புள்ளி. பள்ளம் விழுந்தது.

"எறங்குது" என்றார் கிணற்றுக்காரர்.

"அது எறங்கணுங்கய்யா. இனிமேத்தான் பாக்கணும்" என்றார் அண்ணன்.

கோடு மேலேற ஆரம்பித்தது. ஏறியது, கொஞ்சம் தணிந்தது, மறுபடி ஏறியது. நான் நாற்காலியின் முனைக்கு வந்துவிட்டேன். ஒரு வீக்கம். இது வரைக்கும் பழைய குடுவையிலும் வந்ததுதான். இதற்குப் பிறகு அது நேர்கோடாகிவிடும். அடுத்த புள்ளி கீழே விழுந்தது. அதற்கடுத்தது இன்னும் கீழே. பிறகு திரும்பி மேலே.

"சார்!" என்றேன்.

"கத்தாதே. ஒண்ணை நம்பக் கூடாது. ரெண்டு தற்செயலா வரலாம். மூணு வந்தா நான் ஒத்துக்கறேன்." சொல்லிக்கொண்டே சாரும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

இரண்டாவது அலை மேலே போய்த் திரும்பி இறங்கியது. முதல் அலையைவிடச் சிறிதாக, ஆனால் அதே அகலத்தில். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் முக்கால் நிமிஷம். அந்த முக்கால் நிமிஷத்தில் நான் நகத்தைக் கடித்தேன், கடவுளைக் கூப்பிட்டேன், அந்தச் செங்கல் நிறத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அதைவிட அழகான நிறத்தை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று சத்தியம் செய்தேன். கோடு அடிமட்டத்துக்கு வந்தது. மறுபடி ஏறுமா, இப்படியே கிடந்துவிடுமா என்று தெரியாத இடம்.

அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கும் தெரியும். பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தேன்.

"முக்கா மணி ஆயிருச்சுங்கய்யா" என்றார் அண்ணன். அவருடைய வேலையும் அந்தக் கோட்டில்தான் இருந்தது. இருந்தும் சொன்னார். சொல்லிவிட்டுத் திருகாணியிலிருந்து கையை எடுத்தார்.

 ஜன்னல் கறுப்புத் துணிக்கு வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு அவருடைய மின்சாரம் போய்விடும். கிணற்றுக்காரர் முக்காலியிலிருந்து எழுந்தார். கதவு வரைக்கும் போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நேராகத் திரைக்கு அருகில் வந்து குனிந்து, கோடு நின்ற இடத்தில் விரலை வைத்தார்.

"இங்கன நின்னா எப்படி? இரு. இன்னொண்ணு வரட்டும்" என்றார்.

அண்ணன் மறுபடி திருகாணியைப் பிடித்தார். ஒரு புள்ளி, அதே உயரத்தில். அடுத்தது, ஒரு இழை மேலே. அதற்கடுத்தது இன்னும் மேலே. பிறகு மேலே, மேலே, உச்சிக்குப் போய், எல்லோரும் மூச்சை அடக்கியிருக்க, அழகாகத் தலையைக் கவிழ்த்து இறங்கியது.

"மூணு" என்றார் கிணற்றுக்காரர், எங்கள் எல்லோருக்கும் முன்னால்.

சார் அண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கினார். "எழுதறேண்டா லெட்டரு! இன்னிக்கே எழுதறேன்!" அண்ணன் திருகாணியை விடாமலேயே அழுதார். நான் கத்தினேன். கட்டடம் அதிரும்படிக் கத்தினேன். கத்திக்கொண்டே இருக்கும்போது கிணற்றுக்காரர் லேசர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, துண்டைத் தலையில் கட்டினார்.

"சரி, நான் போய் மோட்டார் போடுறேன். வாத்தியாரையா, பேண்ட மடிச்சுவிட்டுக்கங்க. மூணு குடந்தான் கெடக்கு, வரிசை எம்புட்டோ இருக்கு."